சோடியம் அயனியில் எத்தனை புரோட்டான்?

அணு அமைப்பு பாடம் முடிந்த மறுநாள் வகுப்பில் எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன். சோடியம் அணுவில் 11 புரோட்டான் இருக்கிறது. சரி, சோடியம் அயனியில், அதாவது Na⁺ என்று எழுதுகிற, மின்னூட்டம் பெற்ற சோடியத்தில் எத்தனை? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளில்கூட நாலைந்து பேர் 12 என்று எழுதிவிடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவியை அழைத்து, எப்படி வந்தது என்று கேட்டேன். "மேல பிளஸ் போட்டிருக்கே மிஸ், ஒண்ணு கூடியிருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிளஸ் என்றால் கூடுதல் என்றுதான் சின்ன வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் 12 புரோட்டான் இருந்தால் அது சோடியமே இல்லை, மெக்னீசியம். ஒரு தனிமத்துக்குப் பெயர் வைப்பது அதன் புரோட்டான் எண்ணிக்கை மட்டும்தான்.

அவளுக்கு அன்று கடன் கணக்கு வைத்துச் சொன்னேன். கையில் 11 ரூபாய், கடனும் 11 ரூபாய். ஆக மொத்தம் பூஜ்யம். கடனில் ஒரு ரூபாய் தள்ளுபடியானால்? கைக்குப் புதிதாக எதுவும் வரவில்லை, ஆனாலும் கணக்கில் ஒரு ரூபாய் மிச்சம். கையிருப்பு நேர்மின் கொண்ட புரோட்டான், கடன் எதிர்மின் கொண்ட எலக்ட்ரான். எலக்ட்ரான் ஒன்று வெளியேறியதும் அணுவுக்கு வருகிற பிளஸ் அப்படிப்பட்டதுதான். புரோட்டான் 11, எலக்ட்ரான் 10.

ஏன் எலக்ட்ரான் மட்டும் போகிறது, புரோட்டான் போவதில்லை? இங்கேதான் நாம் கரும்பலகையில் வரைகிற படம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. நடுவில் பெரிய வட்டம், அதை ஒட்டி இரண்டு மூன்று வளையங்கள். பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். 1911-இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு சொன்ன அணுக்கரு, அதாவது அந்த நடு வட்டம், அவ்வளவு பெரியதல்ல. சோடியத்தின் கருவை 1 சென்டிமீட்டர் கோலிக்குண்டாக வைத்தால் அணுவின் அகலம் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் வரும். அந்தக் கோலிக்குள் புரோட்டான்களும் மின்னூட்டமில்லாத நியூட்ரான்களும் இறுகிக் கிடக்கின்றன. எலக்ட்ரான்களோ மீதி வெளி முழுவதும் பரவியிருக்கின்றன. அவை கோள்கள்போல வளையத்தில் சுற்றுவதும் இல்லை. சோடியத்தின் கடைசி எலக்ட்ரானைப் பிரிக்க 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (அணு அளவில் ஆற்றலை அளக்கிற அலகு) சற்று மேல் ஆற்றல் போதும். கருவிலிருந்து ஒரு துகளைப் பிடுங்க அதைப்போலப் பல லட்சம் மடங்கு வேண்டும். நெருப்பு, அமிலம், செரிமானம் எதனாலும் அது முடியாது.

இதைப் பரீட்சைக்காக மட்டும் சொல்லவில்லை. "உப்பில் சோடியமும் குளோரினும் இருக்கிறதாமே, ஒன்று தண்ணீரில் தீப்பிடிக்கும், இன்னொன்று விஷவாயு, எப்படிச் சாப்பிடுவது?" என்று பெற்றோர் ஒருவர் உண்மையான கவலையோடு என்னிடம் கேட்டார். தண்ணீர் பட்டால் சீறுவது சோடியம் உலோகம். ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிட அது துடித்துக்கொண்டிருக்கிறது. உப்பில் உள்ள சோடியம் அந்த எலக்ட்ரானை ஏற்கெனவே இழந்துவிட்டது. குளோரினும் தனக்குக் குறைந்த ஒன்றைப் பெற்று குளோரைடு ஆகிவிட்டது. ஒரே ஓர் எலக்ட்ரான் வித்தியாசம், குணமே வேறு. உப்பை அளவோடு சாப்பிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் ரத்த அழுத்தம், தீப்பிடிக்கும் என்பதல்ல.

அப்புறம் நியூட்ரான். குளோரினின் அணு எண், அதாவது புரோட்டான் எண்ணிக்கை, 17, அணு நிறை 35.5, நியூட்ரான் எத்தனை என்று கேட்டால் கழித்துப் பார்த்து 18.5 என்று எழுதுகிறார்கள். அரை நியூட்ரானா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் ஏறக்குறைய நான்கில் மூன்று அணுக்கள் 35 நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) கொண்டவை, மீதி 37. மூன்று 35, ஒரு 37, கூட்டி நான்கால் வகுத்தால் 35.5. அது கூட்டத்தின் சராசரி. தனி ஓர் அணுவுக்கு 18 அல்லது 20 நியூட்ரான்தான்.

புரோட்டான் மாறாமல் நியூட்ரான் மட்டும் மாறுகிற இந்த வகைகளைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். செய்திகளில் வரும் 'கதிரியக்க அயோடின்' பலரைப் பயமுறுத்துகிறது. அயோடின் கலந்த உப்பில் இருப்பது அயோடின்-127, அது கதிர்வீசாது. அயோடின்-131-இல் நான்கு நியூட்ரான் கூடுதல், அது கதிர்வீசும். எலக்ட்ரான் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் தைராய்டு சுரப்பிக்கு வேறுபாடு தெரியாது, எது வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது இதனால்தான். அதே குணத்தைப் பயன்படுத்தித்தான் மருத்துவர்கள் இன்று அயோடின்-131 கொடுத்துத் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சையும் செய்கிறார்கள். ஆகவே ஒரு தனிமத்தின் பெயரைக் கேட்டதும் பயப்படுவதற்கு முன், அணுவா அயனியா, எந்த ஐசோடோப்பு என்று கேளுங்கள்.

அந்த மாணவி பிறகு ஒருநாள் வந்து, புரோட்டான் கூடவே கூடாதா மிஸ் என்று கேட்டாள். கூடும். வேதிவினையில் அல்ல, கருவுக்குள். சாதாரண சோடியத்தில் 12 நியூட்ரான். அணு உலையில் இன்னொன்றைச் சேர்த்தால் சோடியம்-24 கிடைக்கிறது. அதில் ஒரு நியூட்ரான் தானாகவே புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை வெளியே எறிகிறது. ஏறக்குறைய 15 மணி நேரத்தில் பாதி அணுக்கள் இப்படி மாறிவிடும். மாறியபின் எண்ணினால் 12 புரோட்டான் இருக்கும், பெயரும் மெக்னீசியம் ஆகியிருக்கும்.