புரொஒராவோ: ‘முன்காணுதல்’ என்னும் கிரேக்க வினை

புதிய ஏற்பாட்டில் வரும் ‘புரொஒராவோ’ என்னும் வினை, ‘முன்’ எனப் பொருள்படும் ‘புரோ’ என்ற முன்னொட்டும் ‘காண்’ எனப் பொருள்படும் ‘ஹொராவோ’ என்ற வினையும் சேர்ந்து அமைந்தது. ஹொராவோவின் இறந்தகால வடிவமான ‘எய்தோன்’ வேறொரு வேரிலிருந்து வருவது. வடமொழியில் ‘வேதம்’ என்ற சொல்லைத் தந்த ‘வித்’ என்னும் வேருக்கு அது உறவு. அதனால் ‘புரொஎய்தோன்’ என்பதைத் தனிச்சொல்லாகக் காட்டும் அகராதிகளும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், இவ்வினை புதிய ஏற்பாட்டில் 4 இடங்களில் வருகிறது.

தமிழின் ‘முன்’ போலவே ‘புரோ’வும் காலத்தையும் இடத்தையும் ஒருங்கே சுட்டும் என்பதால், தீர்க்கதரிசனம் என்ற ஒரே பொருளை இவ்வினைமேல் ஏற்றுவது பிழையாகும். அப்போஸ்தலர் 21:29இல், துரோப்பீமு என்பவனைப் பவுலுடன் எருசலேம் நகரத்தில் யூதர்கள் முன்பே கண்டிருந்தார்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அப்போஸ்தலர் 2:25 இன்னும் சுவையானது. அங்கே பேதுரு எடுத்துக்காட்டும் 16ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தில் எபிரெய மூலம் ‘வைத்திருக்கிறேன்’ என்று சொல்ல, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை இவ்வினையால் பெயர்த்தது. ஆகவே வருங்காலத்தை அறிவதன்று, கர்த்தரை இடைவிடாமல் கண்முன் கொண்டிருப்பதே அங்குள்ள பொருள். நம் பழைய தமிழ் வேதாகமம் ‘முன்பாக நிறுத்தி நோக்குகிறேன்’ என்று இரு கருத்தையும் இணைத்திருப்பது பாராட்டத்தக்கது.

வருவதை முன்னதாகக் காணும் பொருள் எஞ்சிய இரண்டு இடங்களுக்கே உரியது. கலாத்தியர் 3:8இல் காண்பது ஆளன்று, வேதவாக்கியம். ‘முன்னாகக் கண்டு’ என்ற தமிழ் அதற்கு நேராக நிற்கிறது. அப்போஸ்தலர் 2:31இல் அதே தமிழ் வேதாகமம் ‘முன்னறிந்து’ என்கிறது. பொருள் கெடவில்லை என்றாலும், ரோமர் 8:29இல் வரும் ‘புரொகினோஸ்கோ’ என்னும் வேறொரு வினைக்கும் ‘முன்னறிதல்’ என்பதே வழங்குவதால், மூலத்தில் உள்ள வேறுபாடு வாசிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. புரொகினோஸ்கோவுக்கு முன்னறிதல், புரொஒராவோவுக்கு முன்காணுதல் என்று பிரித்தாளுவதே பொருத்தமாகும்.

எபிரெயர் 11:40இல் மட்டும் வரும் ‘புரொபிளெபோ’ என்ற மற்றொரு ‘காணும்’ வினையோ, முன்னேற்பாடு செய்தல் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. காண்பது ஏற்பாடு செய்வதாகும் இந்த நகர்வு தமிழுக்குப் புதிதன்று: ஆதியாகமம் 22:8இல் பலிக்கான ஆட்டுக்குட்டியைத் தேவன் ‘பார்த்துக்கொள்வார்’ என்று ஆபிரகாம் சொல்லும்போது, எபிரெயத்திலும் அங்கே நிற்பது ‘காண்’ என்னும் வினையே.