பன்னிரண்டு தந்தியும் ஒரு கம்ப்ரஸரும்

பாப் டிலன் எழுதிய ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாட்டை ராக் தாளத்தில் பாடி, 1965 ஜூனில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது தி பேர்ட்ஸ் குழு. நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த ஃபோக் ராக் என்ற வகை பரவலானதே அதற்கப்புறம்தான். சலங்கை குலுங்குவது போன்ற அந்தத் தொடக்க கிதார் ஒலிதான் குழுவின் முகவரி. வாசித்தவர் ரோஜர் மெக்குயின். (அந்தப் பதிவில் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தது அவர் மட்டுமே, மற்றவர்கள் ஸ்டுடியோ கலைஞர்கள்.)

அவர் கையில் இருந்தது ரிக்கன்பேக்கர் மின்கிதார். பீட்டில்ஸ் படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்ததைப் பார்த்துவிட்டு வாங்கியது. அதில் ஆறு தந்திக்குப் பதில் ஆறு ஜோடி. இரண்டு ஜோடிகளுக்கு ஒரே சுருதி. மற்ற நான்கில், துணைத் தந்தி ஒரு ஸ்தாயி மேலே நிற்கும். மூன்றாவது ஜோடியில் ஒன்று 196 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 196 அதிர்வு), இன்னொன்று 392. வழக்கமான முதல் தந்தியே 330தான் என்பதால், மொத்தக் கிதாரிலும் உச்சத்தில் ஒலிப்பது இந்த 392தான். அடிக்கடி அறுந்து தொலைப்பதும் இதுவே!

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சுருதி சேர்த்தாலும் ஜோடித் தந்திகள் அச்சாக ஒன்றுவதில்லை. ஒன்று 330, மற்றது 331 என்றால் நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும், இதுதான் விம்மல். ஸ்தாயி ஜோடியும் தப்பாது: 196 ஹெர்ட்ஸ் தந்தியோடு அதன் இரண்டு மடங்கான 392-உம் (இரண்டாம் சீரிசை) மெல்லச் சேர்ந்தொலிக்கும் என்பதால், துணைத் தந்தி இம்மி பிசகினாலும் அதோடு விம்மும். ஒவ்வொரு ஜோடியும் வெவ்வேறு வேகத்தில் விம்ம, காதுக்கு அது மினுமினுப்பாகக் கேட்கிறது.

ஆனால் மீட்டிய தந்தியின் ஒலி சட்டென்று உச்சத்துக்குப் போய் உடனே தேயத் தொடங்கிவிடும். மினுமினுப்பை ரசிக்க நேரமே இருக்காது. இங்கேதான் கம்ப்ரஸர், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி, வருகிறது. ராக் சத்தத்தில் சாதனங்கள் கெட்டுவிடும் என்று பயந்துதான் கொலம்பியா ஸ்டுடியோ என்ஜினியர் அதைத் தாராளமாகப் போட்டார் என்று மெக்குயின் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கால வால்வு கம்ப்ரஸர் ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒளிரும் தகடு ஒன்றும், வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் செல்லும் இருக்கும். ஒலி கூடினால் தகடு பிரகாசமாகும். செல்லின் மின்தடை இறங்கி, சிக்னலில் ஒரு பங்கு வடிந்துவிடும். ஒலி தேய்ந்தால் வெளிச்சமும் மங்கும், வடிவது நிற்கும். ஆக, மீட்டிய கணத்தின் உச்சம் அமுங்குகிறது; மொத்த ஒலியளவையும் உயர்த்தி வைத்தால், தேயும் வால்பகுதி தெளிவாக நீண்டு கேட்கிறது. மெக்குயினுக்கு ஒன்று போதவில்லை, இரண்டை அடுத்தடுத்து இணைத்தார்கள்.

1966-இல் வந்த ‘எய்ட் மைல்ஸ் ஹை’ பாட்டில் அவர் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனைக் கிதாரில் கொண்டுவரப் பார்த்தார். சுற்றுப்பயண பஸ்ஸில் கோல்ட்ரேனையும் ரவிசங்கரையும் திரும்பத் திரும்பக் கேட்டதன் விளைவு. சாக்ஸபோனில் மூச்சு உள்ளவரை சுரம் நிற்கும். கிதாருக்கு அந்த வசதி கிடையாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது கம்ப்ரஸர்தான்.