வைஃபையில் கோடு நிறைய இருக்கிறது, கேபிளில் சிக்னல் இருக்கிறதா?

“புது ரவுட்டர் போட்டாச்சு, வைஃபையைப் பரப்ப அறைக்கு ஒரு மெஷ் பெட்டி வைத்தாச்சு, வேகமான பிளானுக்கும் மாறியாச்சு. வீடியோ கால் இன்னும் பாதியில் உறைந்து நிற்கிறது. கொஞ்சம் வந்து பாருங்கள்.”

கேபிள் இணைப்பு வேலையில் இருக்கும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருகின்றன. செலவெல்லாம் செய்து முடித்த பிறகு கடைசி ஆளாகத்தான் கூப்பிடுகிறார்கள். சரி, இப்போதாவது கூப்பிட்டார்களே என்று போனால், கோளாறு அந்தப் புது ரவுட்டருக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். சுவரிலிருந்து மோடத்துக்கு (தெருக் கேபிளின் சிக்னலை இணையமாக மாற்றும் பெட்டி) வரும் தடித்த வட்டக் கேபிளில், அல்லது அதன் முனையில் திருகியிருக்கும் சின்னக் கனெக்டரில்.

கடைசியாகப் போன வீட்டையே சொல்கிறேன். டிவி அலமாரியை நகர்த்தினால், பின்னால் கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஒரு இருவழி ஸ்பிளிட்டர், அதிலிருந்து இன்னொரு இருவழி, அதிலிருந்து ஒரு நான்குவழி. அந்த நான்கில் ஒன்றில் மோடம். மற்ற மூன்றில் ஒன்றிலும் டிவி இல்லை. எப்போதோ எடுத்துவிட்டார்கள், கேபிள் மட்டும் தரையில் கிடக்கிறது. மோடத்துக்குப் போகும் கனெக்டரைத் தொட்டேன், கையோடு சுற்றியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பின்னல் கம்பியில் பச்சை பிடித்திருந்தது.

கணக்கு எளிது. இருவழி ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு வாயிலும் சுமார் 3.5 டெசிபல் கழியும், நான்குவழியில் சுமார் 7. மூன்றையும் அடுக்கினால் 14. அதாவது சுவரில் வந்த சிக்னலில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மோடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்த மூன்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் அழுத்தி, மோடத்தை நேராகக் கொடுத்தேன். வேலை முடிந்தது. அந்த மெஷ் பெட்டிகள் மூன்றும் பச்சை விளக்கோடு பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது என்னை எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். “சிக்னல் ஃபுல்லாத்தானே இருக்கு” என்று போனைத் தூக்கிக் காட்டுவது. ஐயா, அம்மா, அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கும் சில மீட்டர் தூரத்தைப் பற்றி மட்டும் பேசுகின்றன. ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இணையம் இருக்கிறதா இல்லையா என்று அவற்றுக்குத் தெரியாது. நம்பிக்கை இல்லை என்றால் மோடத்தின் கேபிளைக் கழற்றிவிட்டுப் போனைப் பாருங்கள். கோடுகள் அப்படியே நிற்கும். போன் மூலையில் ஒரு ஆச்சரியக்குறி போட்டாலும் போடும், கோடு குறையாது. வீட்டுக்குள் இருப்பது ஒரு வானொலி இணைப்பு, தெருவிலிருந்து வருவது ஒரு கம்பி இணைப்பு. இரண்டும் வேறு வேறு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். மோடமும் ரவுட்டரும் ஒன்றாக வரும் பெட்டிகள் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. மெஷ் வைத்தால் வீட்டின் கடைசி அறை வரை வைஃபை போகும், உண்மைதான். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

எனவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. மடிக்கணினியை ஈதர்நெட் கேபிளால் மோடத்தில் நேராகச் செருகி வேகத்தைப் பாருங்கள். கம்பியில் நல்ல வேகம், வைஃபையில் மட்டும் மோசம் என்றால் உங்கள் பிரச்சினை வைஃபைதான். அப்போது தாராளமாக மெஷ் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். கம்பியிலும் மோசம் என்றால் மேலே படியுங்கள்.

இதிலும் இரண்டு பொறிகள் உண்டு. வேகம் எத்தனை முறை பார்த்தாலும் 94, 95 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே முட்டி நின்றால், மோடத்தைச் சந்தேகிக்காதீர்கள். ஈதர்நெட் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு ஜிகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிடலாம். கேபிளை மாற்றினால் போதும். இன்னொன்று, பிளானில் 100 என்று போட்டிருப்பது மெகாபிட்; கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது மெகாபைட். எட்டால் வகுத்தால் 12.5. இதை ஏமாற்று வேலை என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதி உங்களுக்கில்லை. நடுவில் ஒற்றைச் செம்பு ஊசி உள்ள, திருகிப் பூட்டும் வட்டக் கேபிள் உள்ளவர்களுக்குத்தான் இது.

கேபிள் மோடம் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கிறது. உலாவியில் 192.168.100.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களில் ஒரு பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. அப்படியானால் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள், அதே எண்கள் அவர்கள் திரையிலும் தெரியும். பக்கம் நிறைய எண்களைக் காட்டிப் பயமுறுத்தும். பார்க்க வேண்டியது கொஞ்சம்தான்.

டவுன்ஸ்ட்ரீம் பவர், அதாவது மோடத்துக்கு வந்து சேரும் சிக்னலின் பலம், டிபிஎம்வி என்ற அலகில். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அருமை. மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் நடுவில் இருந்தால் நான் கவலைப்படமாட்டேன். மோடம் மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் விளிம்பில் ஓடும் இணைப்பு ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பிளஸ் பக்கம் கூடினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், அளவுக்கு மிஞ்சிய சிக்னலும் மோடத்தைத் திணறடிக்கும். எல்லாச் சேனல்களும் (சிக்னல் வரும் அலைவரிசைத் துண்டுகள்) ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நடுவில் நாலைந்து சேனல் மட்டும் பள்ளத்தில் விழுந்திருந்தால் எங்கோ கேபிள் நசுங்கியிருக்கிறது, அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது.

எஸ்என்ஆர். இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பது. 256 குவாம் என்ற முறையில் தரவு வரும் சேனல்களில் 35 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 33க்குக் கீழே வந்தால் யோசியுங்கள். 30 என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

அப்ஸ்ட்ரீம் பவர். எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். “52 இருக்கே, 40ஐ விட நல்லதுதானே?” இல்லை. இது மோடத்துக்கு வரும் சிக்னல் இல்லை, மோடம் தன் குரல் நிறுவனத்தின் பக்கம் கேட்க வேண்டும் என்று எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது என்பது. வழியில் கழிவு கூடக் கூட அது இன்னும் சத்தம் போடும். 38, 45 என்றால் சரி. 50ஐத் தாண்டினால் தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள்; அதற்கு மேல் அதால் அதிகம் கூட்ட முடியாது. அப்போது சில அப்ஸ்ட்ரீம் சேனல்களை விட்டுவிடும், அப்புறம் இணைப்பே விழுந்து எழும். நான் சொன்ன வீட்டில் 53 இருந்தது, ஸ்பிளிட்டர்களை எடுத்ததும் 40 பக்கம் இறங்கியது. டவுன்லோடு நன்றாக இருக்கிறது, வீடியோ காலில் மட்டும் எதிராளிக்கு நம் குரல் வெட்டுகிறது என்றால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

அதே பக்கத்தில் திருத்த முடியாத பிழைகள் என்று ஒரு எண்ணிக்கை ஓடும். மொத்தம் எவ்வளவு என்று பார்த்து மயங்கி விழ வேண்டாம். பத்து நிமிடத்தில் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கேள்வி. நிகழ்வுப் பதிவில் டி3, டி4 டைம்அவுட் வரிசையாக நின்றால், மோடம் கூப்பிட்டதற்குப் பதிலோ, கூப்பிடுவதற்கான முறையோ வரவில்லை என்று அர்த்தம். எப்போதோ ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம்.

எண்கள் மோசம் என்றால் கோளாறைத் தேட உங்களிடமே பாதிக் கருவி இருக்கிறது, அதன் பெயர் கைவிரல். சுவர், ஸ்பிளிட்டர், மோடம் என்று ஒவ்வொரு கனெக்டரையும் திருகிப் பாருங்கள். விரலால் முடிந்தவரை இறுக்கி, பிறகு 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் லேசாக ஒரு இழுப்பு. மோடத்தின் வாயில் பலத்தைக் காட்ட வேண்டாம், உள்ளே பலகையோடு பிய்ந்து வந்துவிடும். கழற்றினால் நடு ஊசி நேராக, பளபளப்பாக, கனெக்டர் விளிம்பைவிட சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். பின்னல் கம்பியில் ஒரே ஒரு இழை ஊசியைத் தொட்டாலும் போச்சு. குறடால் நசுக்கிப் போட்ட கனெக்டர், கையால் திருகிப் போடும் மலிவு கனெக்டர் இரண்டையும் நான் பார்த்தவுடன் வெட்டி எறிந்துவிடுவேன். அழுத்துக் கருவியால் போடுவது மட்டும்தான் கனெக்டர். பழைய மெல்லிய ஆர்ஜி-59 கேபிள் இருந்தால் ஆர்ஜி-6க்கு மாற்றுங்கள்.

ஸ்பிளிட்டர் வேண்டாத வீட்டில் ஸ்பிளிட்டர் வேண்டாம். டிவியும் வேண்டும் என்றால் முதலில் ஒரு இருவழி: ஒரு வாய் நேராக மோடத்துக்கு, மற்றதை டிவிகளுக்கு எத்தனை கூறாக வேண்டுமானாலும் போடுங்கள். ஸ்பிளிட்டரின் மேல் அச்சிட்ட அலைவரிசை 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறதா என்று பாருங்கள். மோடம் மேலே அனுப்புவது அந்தக் கீழ்ப் பகுதியில்தான்; வட அமெரிக்காவில் பழைய அமைப்புகளில் 5 முதல் 42 வரை, ஐரோப்பிய முறையில் 65 வரை. அந்தப் பகுதியை அடைக்கும் ஸ்பிளிட்டரைப் போட்டால் மோடம் கேட்கும், பேச முடியாது. சும்மா இருக்கும் வாய்களுக்கு 75 ஓம் மூடி போடுங்கள்.

ஆம்ப்ளிஃபையர்? தயவுசெய்து வேண்டாம். சிக்னல் குறைவு என்றதும் எல்லோருடைய கையும் அதற்குத்தான் போகிறது. அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். கெட்டுப்போன எஸ்என்ஆரைத் திருப்பித் தராது. ஒருவழி ஆம்ப்ளிஃபையர் என்றால் அப்ஸ்ட்ரீம் அப்படியே செத்துப்போகும். அதற்கு இடம் இருக்கும் வீடுகள் உண்டு, ஆனால் அதை அளந்து பார்த்துவிட்டு நாங்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. தளர்ந்த கனெக்டர், மூடாமல் தரையில் கிடக்கும் கேபிள் முனை இரண்டும் வெளியிலிருக்கும் வானொலி அலைகளையும் மோட்டார் இரைச்சலையும் உள்ளே இழுக்கும். கேபிள் வலையில் ஒரு பகுதியின் எல்லா வீட்டு அப்ஸ்ட்ரீமும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், ஒரு வீட்டு இரைச்சல் பக்கத்து வீடுகள் அத்தனையையும் படுத்தும். யார் வீட்டிலிருந்து வருகிறது என்று ஒவ்வொரு கம்பமாக ஏறி இறங்கித் தேடுவது எங்கள் வேலை. கடைசியில் அது மறந்துபோன ஒரு படுக்கையறைச் சுவர்ப் புள்ளியாக இருக்கும்.

கோளாறு எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள், பாதி விடை அதில் இருக்கிறது. மழை பெய்தால் மோசம் என்றால் வெளி இணைப்பில் தண்ணீர். உச்சி வெயிலில் மட்டும் விழுகிறது என்றால் விளிம்பில் ஓடும் இணைப்பு, ஏனெனில் சூட்டில் கேபிளின் கழிவு கொஞ்சம் கூடும். எண்கள் எல்லாம் அழகாக இருந்து தினமும் மாலையில் மட்டும் வேகம் படுத்தால், அது சிக்னல் இல்லை, நெரிசல். உங்கள் பகுதியே ஒரு கொள்ளளவைப் பங்கு போட்டுக்கொள்கிறது. அதற்கு ஸ்பேனர் உதவாது, புது மோடமும் உதவாது. நேரத்தோடு வேகப் பதிவுகளை எடுத்து நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். என்னை வரவழைத்துத் திட்டினால் நானும் தலையாட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

வெளிச்சுவரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள பூமிக்கம்பியைக் கழற்றாதீர்கள். பெயிண்ட் அடிக்க இடைஞ்சல் என்று வெட்டிவிடுகிறார்கள். மின்னல் விழும் நாளில் அதன் அருமை தெரியும். தெருப் பெட்டியையோ கம்பத்தையோ தொடவே வேண்டாம். ஆம்ப்ளிஃபையர்களுக்காக அந்தப் பெரிய கேபிளில் 60 அல்லது 90 வோல்ட் மாற்று மின்சாரம் ஓடுகிறது. இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தினமும் காலையில் மோடத்தை அணைத்துப் போடும் பழக்கம் இருந்தால் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். பின்னால் உள்ள துளையில் ஊசியை விட்டு மொத்தமாக அழிக்கும் வேலையும் வேண்டாம். உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போகும், சிக்னல் வராது. கோளாறு நடக்கும்போதே அந்த 192.168.100.1 பக்கத்தைத் திறந்து, மணி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் மரியாதைக்காக மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு வைக்கிறீர்களே, அதையும் விட்டுவிடுங்கள். பிழை எண்ணிக்கை எல்லாம் பூஜ்யமாகிவிடும், நான் வந்து நிற்கும்போது எல்லாம் சரியாக ஓடும், நான் போன பிறகு மறுபடியும் விழும்.