பிச்சாவரத்தில் சுரபுன்னை ஏன் சிறுபான்மை?

பிச்சாவரத்து ஓடைகளில் படகேறிச் செல்பவர், இரு கரையிலும் வளைந்து நீருக்குள் ஊன்றி நிற்கும் வேர்களைப் பார்த்துவிட்டு, இந்த அலையாத்திக் காடு முழுவதும் அவ்வேர்களுக்குரிய சுரபுன்னை மரம்தான் என்று எண்ணிவிடுவது இயல்பு. உண்மையில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கழிமுகக் காட்டில் எண்ணிக்கையில் மிகுந்தது, ஓடைக்கரைக்குப் பின்னால் நிற்கும் வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரம்.

இதற்கு விதைப் பஞ்சம் காரணமன்று. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்குகிறது. நீரில் விழுந்த குச்சி முதலில் படுத்தபடி மிதக்கும். நாளாக ஆக வேர்முனை கனத்து நிமிர்ந்து, ஆழம் குறைந்த இடத்தில் சேற்றைத் தொட்டு ஊன்றிக்கொள்ளும். பலவற்றை நண்டுகள் தின்றுவிடும். தப்பியவை நிழலில் குட்டையாகவே நின்று, ஏதேனும் ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழும்வரை காத்திருக்கும்.

எனவே மரங்களை மட்டும் எண்ணினால் கணக்கு முடியாது. நாற்று, இளமரம், முதுமரம் என்று பிரித்து எண்ண வேண்டும். ஆண்டு வளையங்கள் பெரும்பாலும் நம்பத்தக்கவையாக இல்லாததால், தண்டின் பருமனையே வயதுக்கு ஈடாகக் கொள்வர். சுரபுன்னையில் மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்றினால் அது வேர்க்கூட்டத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதால், எல்லாவற்றுக்கும் மேலான வேருக்குச் சற்று மேலே அளப்பார்கள். முதுமரங்கள் நிறைய இருந்து நாற்றே இல்லையென்றால், எவ்வளவு பசுமையாகத் தெரிந்தாலும் அந்தக் காடு தேய்ந்துகொண்டிருக்கிறது.

பிச்சாவரத்தில் கோடரியும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலேயர் காலம் முதல் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முற்றாக வெட்டினார்கள். வெட்டிய வெண்கண்டல் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். முதிர்ந்த சுரபுன்னை துளிர்க்காது. வெயில்பட்ட சேறு உலர்ந்து அமிழ்ந்து தொட்டிபோல் ஆகிவிட, ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறும்போது, புகுந்த நீர் வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, கடல்நீரைவிட உப்பேறியது. வேரிலேயே உப்பை வடிகட்டும் சுரபுன்னைக்கு அங்கே வாழ்வில்லை. இலையை நாவில் வைத்தாலே கரிக்கும் அளவுக்கு உப்பைக் கசியவிடும் வெண்கண்டலும்கூட அத்தொட்டிகளில் தோற்றது.

நாற்று நடுவதையே மீட்பு என்று எண்ணுவோர்க்கு அடுத்து நடந்தது வியப்பளிக்கலாம். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் எடுத்தது மண்வெட்டியை. நடுவே ஒரு பெருவாய்க்கால், இரு பக்கமும் கிளைவாய்க்கால்கள் என மீன்முள் வடிவில் வெட்டி, நீர் ஏறி வடிய வழிசெய்தார்கள். உப்பு இறங்கிய பின், வாய்க்கால் சரிவுகளில் பெரும்பாலும் வெண்கண்டலையே நட்டார்கள்.