நீலக் கோலும் இளஞ்சிவப்பு உறையும்

நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த மாடு, காலையில் கொட்டகையில் செத்துக் கிடக்கிறது. மூக்கிலிருந்து கருஞ்சிவப்பாய் ரத்தம் வடிகிறது, உறையவே இல்லை. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயோ என்று கால்நடை மருத்துவருக்குச் சந்தேகம். நோய் கண்டறியும் ஆய்வகத்துக்குப் போன் போட்டால் பொறுப்பாளர் முதலில் சொல்வது இதைத்தான்: "மாட்டை அறுத்துடாதீங்க டாக்டர். காது நரம்புல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடுல தடவி அனுப்புங்க, போதும்."

அறுத்தால் காற்றுப் பட்டு அடைப்பான் கிருமி வித்தாக மாறிவிடும். வித்து மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அறுக்காமல் விட்டால் உடல் அழுகும்போது உள்ளே இருக்கும் கிருமி பெரும்பாலும் தானே செத்துப்போகும். ஆனால் அதே அழுகல் சோதனைக்கு எதிரி. குடலிலிருந்து கிளம்பும் அழுகல் கிருமிகளும் கோல் வடிவம்தான். நேரம் போகப்போக ஸ்லைடு முழுக்க அவைதான் நிற்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு சாயம்: பாலிகுரோம் மெத்திலீன் நீலம். இதைப் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அடைப்பான் கிருமி இப்படித் தெரியும்: முனை சதுரமாக வெட்டினாற்போன்ற நீலக் கோல்கள், அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை. 1903இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஜான் மெக்ஃபேடியன் விவரித்த சோதனை இது. சில நிமிட வேலை, செலவும் சொற்பம்.

சிக்கல் சாயப் புட்டியில் இருக்கிறது. புதிதாகக் கரைத்த மெத்திலீன் நீலம் கோலை நீலமாக்கும், உறையைக் காட்டாது. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதில் அசூர் பி என்ற பொருள் உருவானால்தான் இளஞ்சிவப்பு வரும். பழைய முறையில் புட்டியை அவ்வப்போது குலுக்கி குறைந்தது ஒரு வருடம் ஊற வைப்பார்கள், ஊறுகாய் ஜாடி மாதிரி. பொறுமை இல்லாதவர்கள் பொட்டாசியம் கார்பனேட் சேர்த்து வேகப்படுத்துவார்கள்.

ஊறாத சாயம் புகையோ சத்தமோ எழுப்பாது. 'அடைப்பான் இல்லை' என்று அமைதியாகச் சொல்லிவிடும். 'உண்டு' என்று முடிவு வந்தால் ஊரே ஓடிவந்து கேள்வி கேட்கும். 'இல்லை' என்றால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அதனால் ஒவ்வொரு புதுப் புட்டியையும், உறை உண்டு என்று ஏற்கெனவே உறுதியான ஒரு ஸ்லைடிலும், உறையில்லாத கிருமி உள்ள இன்னொன்றிலும் போட்டுப் பார்த்த பிறகே பொறுப்பாளர் அதைச் சோதனை மேசைக்கு அனுப்ப வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஆய்வகத்தில் அவருடைய முக்கியமான வேலையே இதுதான்.

அப்புறம், இரண்டு நாள் வெயிலில் கிடந்த மாட்டின் ரத்தம் வந்தால்? உறை தெரியவில்லை என்பதற்காக 'இல்லை' என்று எழுதி அவர் கையெழுத்துப் போடமாட்டார். படிவத்தில் இப்படித்தான் இருக்கும்: 'மாதிரி அழுகியது, முடிவு சொல்ல இயலாது.'