ஒருமுறை தொட்டால் விடாத மாத்திரையா?

சுகர் என்று ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "மாத்திரையை மட்டும் ஆரம்பிச்சுடாதே, அப்புறம் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது." இந்தப் பேச்சை நம்பி, ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு, வெந்தயம், பாகற்காய் ஜூஸ் என்று இரண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிடுகிறவர்கள் ஏராளம். எனக்கு இதுதான் கவலை. இந்த நோயில் திரும்பக் கிடைக்காத காலம் அந்த முதல் சில வருடங்கள்தான்.

இரண்டாம் வகை நீரிழிவில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் புரியும். சாப்பாட்டில் இருந்து மட்டும் இரத்தத்துக்குச் சர்க்கரை வருவதில்லை. நாம் தூங்கும்போது மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் தயாரித்து விடுகிறது. போதும் என்று அதற்குச் சொல்வது இன்சுலின். ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் அந்தச் சொல் அங்கே எடுபடுவதில்லை, இரவெல்லாம் அது சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. ராத்திரி இரண்டே இட்லி சாப்பிட்டவருக்கும் காலையில் வெறும் வயிற்றில் 150 காட்டுவது இதனால்தான். இதை ஈடுகட்ட, கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் கூடுதலாக இன்சுலின் சுரந்து சுரந்து களைத்துப்போகின்றன. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே அவற்றின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருந்தது என்று பிரிட்டனில் நடந்த யூகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வு காட்டியது. கவனிக்காமல் விட்டால் மீதியும் வருடா வருடம் குறைகிறது, மாத்திரையின் அளவும் எண்ணிக்கையும் கூடுகிறது. கூடவைப்பது நோய். கண்ணுக்குத் தெரிவது மாத்திரை என்பதால் பழி அதன் மேல் விழுகிறது.

முதலில் எழுதிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் மெட்ஃபார்மின். ஐரோப்பாவில் பழங்காலத்தில் மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியில் இருந்த ஒரு வேதிப்பொருளின் வழியில் பிறந்தது இது. 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். இதன் முக்கிய வேலை, கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைப்பது. கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைப்பதில்லை, அதனால் தனியாக எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. உடலில் சிதையாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும், உடம்பு இதற்குப் பழகிப்போவதும் இல்லை.

சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற பயம் இன்னொன்று. சிறுநீரகத்தைக் கெடுப்பது பல வருடம் கட்டுப்படாமல் இருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும். மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், அது பழுதானவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். நிறுத்தியதைப் பார்த்தவர்கள் காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். உண்மையான தொந்தரவுகள் வேறு: தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம் (500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்), வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இந்த பி12 விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சீக்கிரம் தொடங்குவதால் என்ன லாபம்? அதே பிரிட்டன் ஆய்வு 1977-ல் தொடங்கி, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. ஒரு பகுதியினருக்குச் சர்க்கரையை மருந்தால் இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள், மற்றவர்களுக்கு முதலில் உணவுக் கட்டுப்பாடு மட்டும். ஆய்வு முடிந்து ஒரே வருடத்தில் இரு பக்கத்தின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் 2008-ல் வெளியான பத்து வருடத் தொடர் ஆய்வில், தொடக்கத்திலேயே கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாகவே இருந்தன. ஆரம்ப வருடங்களின் சர்க்கரையை இரத்தக் குழாய்கள் நெடுங்காலத்துக்கு மறப்பதில்லை.

சரி, மாத்திரையே இல்லாமல் முடியாதா? சிலருக்கு முடியும், இதற்கும் ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்தில் நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5. அந்தக் கட்டத்தில் நடைக்கும் மாத்திரைக்கும் பலன் கிட்டத்தட்ட சமம்! நோய் வந்த பிறகும் வழி உண்டு. பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில் ஆறு வருடத்துக்குள் நோய் வந்தவர்கள் முதல் நாளே சுகர் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, சில மாதங்களுக்கு ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் மட்டும் உணவு எடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே நின்றது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். இது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது, வீட்டில் தானாக முயன்று பார்க்கக்கூடியது அல்ல.

ஆகவே மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை, எடையைக் குறைக்க உறுதியாக இருக்கிறீர்கள் என்றால் மூன்று மாதம் அவகாசம் கேட்பது நியாயம்தான். தேதியை டாக்டரிடமே குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கணக்குக்குக் காரணம், சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன, அவற்றில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. இரும்புச் சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டலாம், நம் பெண்கள் பலருக்கு அது உண்டு என்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அவகாசம் கேட்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள்: ஹெச்பிஏ1சி 9, 10 என்று வந்தவர்கள், தானாக எடை இறங்கி, தாகமும் சிறுநீரும் அதிகமானவர்கள், கர்ப்பிணிகள். இதயமோ சிறுநீரகமோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு அவற்றைக் காக்கும் மாத்திரைகளே இப்போது உண்டு, சர்க்கரை அளவு சுமாராக இருந்தாலும் கொடுப்பார்கள். முதல் வகை நீரிழிவென்றால் இன்சுலின் உடனே வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

எடை இறங்கி எண்கள் நன்றாக வந்தால் டாக்டரே அளவைக் குறைத்து, நிறுத்தியும் பார்ப்பார். நிறுத்திய பின் குறைந்தது மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே நின்றால் நோய் அடங்கியிருக்கிறது என்று 2021 முதல் நிபுணர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். குறைந்த எடை திரும்ப ஏறினால் பெரும்பாலும் சர்க்கரையும் ஏறும், அப்போது மாத்திரையை மறுபடி தொடங்குவார்கள்.