காயலான் கடைத் தராசும் நான்கு உலோகங்களும்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கைப்பேசி பழுதுபார்க்கும் கடையின் பின்பக்கம் போனால் ஒரு சாக்கு இருக்கும். உடைந்த திரை, கருகிய போர்டு, உப்பிய பேட்டரி, சார்ஜர் ஒயர் எல்லாம் அதில்தான் விழும். சாக்கு நிறைந்ததும் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார். இந்தச் சாக்கின் மதிப்பைக் கணக்கிடும் முறை 2023 ஏப்ரல் 1 முதல் மாறிவிட்டது. அன்று நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, அந்தக் கடைக்காரரை நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனாலும் அவர் சாக்கின் விலையை அவைதான் தீர்மானிக்கின்றன.

முந்தைய 2016 விதிகளில் 21 வகைப் பொருட்கள்தான் இருந்தன. இப்போது 106. மின்விசிறி, அயர்ன் பாக்ஸ், பொம்மை, மருத்துவமனைக் கருவி, ஆய்வகக் கருவி, சூரிய மின்தகடு எல்லாம் பட்டியலில் உண்டு. மின்தகட்டுக் கழிவை மட்டும் 2034-35 வரை சேமித்து வைக்கத் தயாரிப்பாளருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பெரிய மாற்றம் பொறுப்பைக் கணக்கிடும் முறையில். 2015-16இல் ஒரு நிறுவனம் 1000 டன் ஃபிரிட்ஜ் விற்றது என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜின் சராசரி ஆயுளைப் பத்தாண்டு என்று எடுத்தால், 2025-26இல் அதில் 70 விழுக்காடு, அதாவது 700 டன் மறுசுழற்சி ஆனதற்கான சான்றிதழ் அந்த நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இலக்கு 60 விழுக்காடு. 2027-28 முதல் அது 80 ஆகிறது. நிறுவனம் தானே தெருத்தெருவாகப் போய்ச் சேகரிக்க வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில், பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

அந்தச் சான்றிதழ் எதன் பேரில் கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலை உள்ளே வாங்கிய கழிவின் எடைக்கு அது கிடைப்பதில்லை. பிரித்து வெளியே எடுத்த தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களின் அளவை வைத்துத்தான் கணக்கு. ஆகவே முழுப் பொருளாக ஆலைக்குப் போகும் கணினிக்கு, உலோக விலையோடு சான்றிதழ் விலையும் சேர்கிறது. மதர்போர்டைப் பிடுங்கி, டிரான்ஸ்பார்மரின் தாமிரத்தை உருவிவிட்டு வெறும் கூட்டை அனுப்பினால் இரண்டும் போய்விடும். ஒரு டன் கைப்பேசியில் 200 முதல் 300 கிராம் வரை தங்கம் இருக்கும். சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம்தான் தேறும். சாக்கில் கிடக்கும் போர்டுக்கு இவ்வளவு போட்டி இருப்பது அதனால்தான்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. ஈயக் கண்ணாடிக்கு அதில் இடமே இல்லை. 2006க்குப் பிறகு தமிழக அரசு வீடுதோறும் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் படக்குழாய் வகை. அந்தக் குழாயின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு கலந்திருக்கும். குழாயின் கழுத்தில் சுற்றிய தாமிரச் சுருளைக் கழற்றிக்கொண்டு, கண்ணாடியை வாய்க்கால் கரையில் போட்டுவிட்டால் போட்டவருக்கு நட்டமில்லை. நட்டம் வாய்க்காலுக்கும் வயலுக்கும்தான். இதற்கென்று தனியே ஒரு சான்றிதழ் மதிப்பு வைத்தாலொழிய அந்தக் கண்ணாடி ஆலை வாசலை மிதிக்காது.

டெல்டாவில் இது ஏன் கூடுதலாக உறுத்த வேண்டும்? பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியில் இருக்கும் காட்மியத்தை எடுத்துக்கொள்வோம். வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்வரை சேற்றில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து, கரையாத சல்பைடாகக் கிடக்கும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்துவிடுவோம் இல்லையா? மண் காய்ந்து காற்றுப் புகுந்ததும் அந்தச் சல்பைடு உடைந்து காட்மியம் கரையத் தொடங்குகிறது. கதிர் பால் பிடிக்கும் அந்த நாட்களில்தான் வேர் அதை உறிஞ்சி மணிக்கு அனுப்புகிறது. குறுவையானாலும் சம்பாவானாலும் இதே கதைதான். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன வயல்களின் அரிசி வழியாக எலும்பை நொறுக்கும் ‘இட்டாய்-இட்டாய்’ நோய் பரவியதற்குக் காரணம், மேலே இருந்த சுரங்கத்திலிருந்து ஆற்றில் இறங்கிய காட்மியம்.

வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் 2020இல் வந்தது. தாமிரம், அலுமினியம், துத்தநாகம் உருக்கும் புதிய ஆலைகளை அது டெல்டாவை உள்ளடக்கிய இந்த மண்டலத்தில் தடுக்கிறது. எனவே போர்டிலிருந்து உலோகத்தை முறையாகப் பிரித்து உருக்கும் வேலை வெளியூரில்தான் நடக்க வேண்டும். இங்கே பின்கட்டில் நைட்ரிக் அமிலத்தில் போர்டை ஊறவைத்தால் தாமிரம் கரைந்து, தங்கப் பூச்சு மெல்லிய தகடாகப் பிரியும். சில்லுக்குள் இருக்கும் தங்க இழை பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே தங்கிவிடும். பழுப்புப் புகையாகக் கிளம்புவது நைட்ரஜன் டை ஆக்சைடு, நுரையீரலைப் பதம் பார்க்கும். தாமிரமும் ஈயமும் கலந்த கழிவு அமிலம் கடைசியில் சாக்கடைக்குப் போகும். பி.வி.சி. ஒயரை எரித்துத் தாமிரம் எடுத்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும்.

இனி, விதிகள் யார் மேல் பாய்கின்றன என்று பார்ப்போம். குறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல், முதலீடு 2.5 கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கும் மிகாதவை குறு நிறுவனங்கள். பெரும்பாலான சர்வீஸ் கடைகள் இதற்குள் அடங்கிவிடும். அந்த வரம்பைத் தாண்டியவர் வெளியிலிருந்து வாங்கிய மின்விசிறியிலோ எல்.இ.டி. விளக்கிலோ தன் பெயரை ஒட்டி விற்றால், சட்டத்தின் கண்ணில் அவர் உற்பத்தியாளர். பதிவும் இலக்கும் அவருக்குப் பொருந்தும். நாம் வியாபாரிதானே என்று இருந்துவிடுபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

அடுத்து மொத்த நுகர்வோர். ஒரு நிதியாண்டில் எந்த நேரத்திலாவது பட்டியலில் உள்ள குறைந்தது 1000 கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனம் இந்த வகை. கல்லூரிகள் கணினியை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தப்பித்ததாக நினைக்கின்றன. 300 கணினி, 450 மின்விசிறி, 200 குழல் விளக்கு, 60 ஏ.சி. என்று கூட்டினால் 1010. நவீன அரிசி ஆலையின் நிலையான பெரிய எந்திரங்கள் கருவிப் பிரிவிலிருந்து விலக்கப்பட்டவை, ஆனால் அலுவலகக் கணினியும் பிரிண்டரும் எண்ணிக்கையில் வரும். மொத்த நுகர்வோரின் கடமை ஒன்றுதான்: பழையதைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரில் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும். கழித்த பொருளை ஏலம் விடும் நிறுவனம் இந்த நிபந்தனையை ஏல அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். அதிக விலை கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பதிவு எண் கேட்டால் கிடைக்காது.

பழைய விதிகளில் சேகரிப்பு மையத்துக்கும் ஓர் இடம் இருந்தது. புதிய விதிகளில் பதிவு நான்கு பேருக்குத்தான்: தயாரிப்பாளர் (பொருளைச் செய்பவர்), உற்பத்தியாளர் (தன் பெயரில் விற்பவர்), புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர். நடுவில் வண்டி கொண்டுவரும் ஏஜெண்டுக்குத் தனிப் பதிவு இல்லை. ஆகவே அவர் நீட்டும் நகலை மட்டும் நம்பாமல், அவர் சொல்லும் ஆலையின் பெயரை வாரிய இணையதளத்தில் தேடி, பதிவு நடப்பில் இருக்கிறதா, உங்கள் பொருளின் வகை அதில் இருக்கிறதா, ஆண்டுத் திறன் எவ்வளவு என்று மூன்றையும் பாருங்கள். ரசீது ஏஜெண்டின் பெயரில் இல்லாமல் ஆலையின் பெயரில் வர வேண்டும். வரிசை எண் பட்டியலையும் எடைமேடைச் சீட்டையும் அதோடு இணைத்து வையுங்கள்.

ஒப்படைக்கும்வரை வைத்திருப்பதிலும் தவறுகள் நடக்கின்றன. பதிவு பெற்றவர்களுக்கான உச்சவரம்பு 180 நாள். கல்லூரியும் அதையே பின்பற்றுவது நல்லது, ஏனென்றால் ஐப்பசி மழையில் நனைந்த போர்டிலிருந்து உலோகம் கசியும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை போட்டு, கூரைக்கு அடியில் அடுக்குங்கள். லித்தியம் பேட்டரியைக் கழற்றி, முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, உப்பியவற்றை மட்டும் மணல் நிரப்பிய இரும்பு வாளியில் தனியே வையுங்கள். கணினிப் பெட்டியோடு சேர்த்து எறிந்த உப்பிய பேட்டரி, லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். லித்தியமோ இன்வெர்ட்டரோ, கழற்றிய பேட்டரிக்கு வேறு விதி: அது 2022 பேட்டரிக் கழிவு விதிகளில் வருவதால் தனி ரசீது வேண்டும்.

வன்தட்டில் உள்ள தரவை ஒருமுறை முழுதாக மேலெழுதினால் போதும். காந்தத்தால் அழிக்கும் முறை, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் பலிக்காது, அதன் சொந்த அழிப்புக் கட்டளையைத்தான் ஓட்ட வேண்டும்.

ஃபிரிட்ஜின் தாமிரக் குழாயை மட்டும் வெட்டி எடுக்க யாரையும் விடாதீர்கள். வெட்டிய நொடியில் உள்ளே இருக்கும் சுமார் 100 கிராம் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும். அதன் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 1430 மடங்கு, ஆகவே அந்த 100 கிராம் 143 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். புதிய பெட்டிகளில் வரும் ஆர்-600ஏ எரியும் வாயு, மூடிய அறையில் பொறி பட்டால் வெடிக்கும். கம்ப்ரசர் எண்ணெயும் தரையில் வழியும். குழாயை அறுக்காமல், பெட்டியை நிமிர்ந்த நிலையிலேயே கட்டி ஏற்றி அனுப்புங்கள்.